மரத்துக்கு மேலே தெரிந்த தீ

செப்டம்பர் 9, செவ்வாய்

நேற்று சாயங்காலம் அஞ்சம்மாளின் தென்னையில் இடி விழுந்தது. எங்கள் எரிவாயு நிலையத்தின் மேற்கு மதிலை ஒட்டி, வெளியே அவர் வயலில் நின்ற மரம். காலையில் போய்ப் பார்த்தால் கொண்டை முழுவதும் கருகி, வெறும் தூண் நிற்கிறது. பதினொரு கிணறுகளின் கேஸ் வந்து சேருகிற இடத்துக்கு அத்தனை பக்கத்தில் இடி விழுந்தும் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அஞ்சம்மாளின் மாடுகூட ஒன்றும் நடக்காதது போல அசைபோட்டுக்கொண்டிருந்தது. அப்பாடா.

இந்த டைரி கம்பெனி கொடுத்தது. ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை என் மகள் ஓவியா கோலம் போட்டு நிரப்பிவிட்டாள். மீதியை நான் பிடுங்கிக்கொண்டேன். ஐந்து வருடமாக ஆபீஸில் நான் எழுதுவதெல்லாம் எண்தான். எத்தனை கேஸ் வந்தது, எத்தனை எரிந்தது, காற்றில் என்ன கலந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் கூட்டி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அறிக்கை. கீழே ‘தயாரித்தவர்: மதிவதனி’ என்று என் கையெழுத்து. இந்த முறை கெடு அக்டோபர் 15. இடி விழுந்ததை எழுத அதில் இடம் கிடையாது. ஆகவே இங்கே.

செப்டம்பர் 10, புதன்

எங்கள் நிலையத்தில் வேண்டாத கேஸை ஓர் உயரமான குழாய் வழியே எரித்துவிடுவோம். மதிலுக்கு அந்தப் பக்கம், அஞ்சம்மாளின் துண்டு நிலத்தைத் தாண்டி, தனி வேலிக்குள் நிற்கிறது குழாய். எவ்வளவு எரிகிறது என்று காட்டுகிற மீட்டர் ஒன்பது வருடம் முன்பே பழுதானது. புது மீட்டர் அன்றிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. அப்போதிருந்த ஒரு இன்ஜினியர் வழி கண்டுபிடித்தார். கன்ட்ரோல் ரூம் ஜன்னலிலிருந்து பார்த்தால் அஞ்சம்மாளின் தென்னையும் அதன் பின்னால் தீயும் ஒரே நேர்கோட்டில் தெரியும். மரத்துக்கு மேலே எத்தனை மட்டை உயரம் தீ தெரிகிறதோ, அதைக் காலை ஷிப்ட் ஆள் தினம் ஒரு முறை எழுத வேண்டும். ஒரு மட்டைக்கு நாளொன்றுக்கு இரண்டாயிரம் கன மீட்டர். அட்டவணை போட்டு ஜன்னல் பக்கத்தில் ஒட்டிவிட்டு மாற்றலாகிப் போனார். வேலைக்குச் சேர்ந்த அன்று இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். ஒரு வாரத்தில் நானும் மட்டையில் பேச ஆரம்பித்துவிட்டேன்.

முதலில் மூன்று மட்டை இருந்ததாம். நான் வந்தபோது இரண்டு. இப்போது ஒன்று. வருடா வருடம் குறைந்ததற்காகத் தலைமை அலுவலகம் போன வருடம் கேடயம் கொடுத்தது. அதை வாங்கப் போனபோது கட்டிய பச்சைப் புடவையை இன்னும் யாருக்கும் இரவல் கொடுக்கவில்லை.

காலை ஷிப்ட் ராயப்பண்ணன் நேற்று பதிவேட்டில் எழுதியிருக்கிறார்: ‘3 மட்டை. மரம் இல்லை.’ அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றினேன். மூன்றை மட்டும். குறிப்பு எழுத அதில் கட்டம் கிடையாது.

செப்டம்பர் 11, வியாழன்

வீட்டில் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. புக் செய்தால் ஒரு வாரம் என்கிறார்கள். எங்கே வேலை பார்க்கிறேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே மின்சார அடுப்பை எடுத்தேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

ராகவன் சார் போன் செய்தார். மேனேஜர். டவுன் ஆபீஸில் இருந்துகொண்டு என் கம்ப்யூட்டர் பக்கத்தை மட்டும் பார்ப்பார். ஒரே நாளில் தீ மூன்று மடங்கு ஆனது எப்படி என்று கேட்டார். அறிக்கை போகிற நேரத்தில், அடுத்த ஐந்து வருடத்துக்கு அனுமதி புதுப்பிக்கிற நேரத்தில், யார் இந்த விளையாட்டு விளையாடுவது என்றார். பார்த்துச் சொல்கிறேன் சார் என்றேன். என்ன பார்ப்பது என்று எனக்கே தெரியவில்லை. வேறு ஏதோ போன் வந்து அவரே வைத்துவிட்டார். நல்ல வேளை.

மதியம் கதிரேசன், இன்னொரு ஷிப்டுக்காரர், தண்ணீர்த் தொட்டி மேலே ஏறிப் பார்த்தால் தீ முழுசாகத் தெரியும், சரியாக அளந்துவிடலாம் என்றார். எனக்கு உயரம் ஆகாது, தலை சுற்றும் என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 18, வியாழன்

ராகவன் சார் நேரில் வந்துவிட்டார். போன மாதம் ராயப்பண்ணன் ஷிப்ட் அலவன்ஸ் விஷயமாக அவரோடு சத்தம் போட்டிருந்தார். அந்தக் கோபத்தில்தான் அறிக்கையைக் கெடுக்க எண்ணை ஏற்றி எழுதுகிறார் என்பது சாரின் முடிவு. ராயப்பண்ணனுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். என்னையே ‘ரிப்போர்ட்டம்மா’ என்றுதான் கூப்பிடுவார். ஆனால் பார்த்ததைத்தான் எழுதுவார். அதுவும் எனக்குத் தெரியும்.

“நான் பாத்தத எழுதினேன் சார். பதிவேட்ட எடுத்துப் பாருங்க,” என்றார்.

சார் என்னைத்தான் பார்த்தார். பதிவேடு என் மேசையில், என் முழங்கைக்குக் கீழே இருந்தது. மூன்று என்றுதான் எழுதியிருக்கிறார் சார் என்றேன். அது பொய் இல்லை.

விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கான்ட்ராக்ட் ஆள். விசாரணை என்றால் என்னவென்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அவர் போனபோது ஜன்னல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தீ முழுசாக எரிந்துகொண்டிருந்தது.

செப்டம்பர் 19, வெள்ளி

மாவு புளித்துவிட்டது. மூன்று வேளையும் தோசை.

செப்டம்பர் 22, திங்கள்

ராயப்பண்ணன் இடத்தில் காலை ஷிப்டுக்கு வந்த கதிரேசனிடம், எப்போதும் போல எழுதுங்கள் என்று சொன்னேன். அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு ‘1 மட்டை’ என்று எழுதினார். மொட்டைத் தூணுக்கு மேலே எதை வைத்து ஒரு மட்டை அளந்தார் என்று நான் கேட்கவில்லை. ராகவன் சாரிடமிருந்து போன் இல்லை. அறிக்கை பாதி முடிந்தது. சிலிண்டரும் வந்துவிட்டது. நிம்மதியாக இருக்க வேண்டிய நாள்.

என் வீட்டுக்காரர் பாஸ்கரன் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். ராயப்பண்ணனின் மனைவி கடைக்கு வந்து, அவருக்கு அங்கே ஏதாவது வேலை இருக்குமா என்று கேட்டுவிட்டுப் போனார்களாம். சாப்பிடும்போது சொன்னார். ரசத்தில் உப்பு கூடிவிட்டது என்று நான் எழுந்துவிட்டேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 26, வெள்ளி

லீக் டீம் மறுபடி வந்து அஞ்சம்மாளின் வயலைத் தோண்டுகிறது. இரண்டு வருடமாக இதே கதை. கிணறுகளிலிருந்து வருகிற கேஸ் ஒரு அளவு, விற்றதும் எரித்ததும் சேர்ந்து இன்னொரு அளவு. நடுவில் கொஞ்சம் காணாமல் போகிறது. பூமிக்கடியில் குழாய் எங்கோ கசிகிறது என்று ஊரெல்லாம் பள்ளம் பறித்துப் பார்த்தாகிவிட்டது, ஒன்றும் அகப்படவில்லை. எவ்வளவு காணோம் என்று டீம் ஆளிடம் பேச்சுக்குக் கேட்டேன். தினம் நாலாயிரத்துச் சொச்சம் கன மீட்டர், வருடா வருடம் கூடிக்கொண்டே போகிறது என்றார். பெரிய எண்தான்.

அஞ்சம்மாள் வரப்பில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். “மரம் போச்சு, இப்ப நாத்தும் போவுதா? ஒங்க கேஸ நான் என்ன முந்தானையிலயா முடிஞ்சு வச்சிருக்கேன்?”

கருகிய தூணை வெட்டிவிடப் போகிறாராம். பக்கத்திலேயே ஒரு தென்னம்பிள்ளை வைத்துவிட்டார்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. கம்ப்யூட்டருக்கும் கம்ப்ரஸருக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். பூசணிக்காய் உடைத்தோம். எல்லா வருடமும் போல மதில் ஓரமாக வரிசையாக நின்றோம். போட்டோகிராபர் கன்ட்ரோல் ரூம் படியில் நின்று எடுப்பார், தலைக்கு மேல் தீ தெரிய வேண்டும் என்பது வழக்கம். ராயப்பண்ணன் எப்போதும் இடது கடைசியில் நிற்பார். அந்த இடத்தை விட்டுவிட்டே எல்லோரும் நின்றார்கள், யாரும் சொல்லவில்லை.

பொரி சாப்பிட்டுக்கொண்டே நடைவழியில் மாட்டியிருக்கிற பழைய படங்களைப் பார்த்தேன். ஒன்பது படங்கள். தினம் அந்த வழியாகத்தான் போகிறேன். யார் பெருத்துவிட்டார்கள், யாருக்கு வழுக்கை விழுந்தது என்று சிரித்திருக்கிறோம். தலைக்கு மேலே ஒருவரும் பார்த்ததில்லை. முதல் படத்தில் மரத்தின் கொண்டை குழாயின் வாய்க்குக் கீழே நிற்கிறது, தீ முழுசாகத் தெரிகிறது. அடுத்த படத்தில் ஓலை குழாயின் வாயை மறைக்கிறது. ஐந்தாவதில் தீயின் இடுப்புவரை வந்துவிட்டது. போன வருடப் படத்தில் நுனி மட்டும்தான் தெரிகிறது.

ஒன்பது வருடமாகக் குறைந்தது தீ இல்லை. வளர்ந்தது மரம்.

மரத்துக்கு மேலே தெரிவதை எழுது என்றார்கள், எல்லோரும் ஒழுங்காக எழுதினார்கள். தென்னை வளரும் என்று டெல்டாவில் பிறந்து வளர்ந்த இருபது பேருக்கும் தோன்றவில்லை.

அக்டோபர் 2, வியாழன்

விடுமுறை. ஓவியாவுக்குத் தலை குளிப்பாட்டினேன், அலமாரி அடுக்கினேன், பழைய பேப்பர் கட்டினேன். செய்ய வேறு வேலை இல்லாமல் போனதும் இதைத் திறந்தேன்.

நேற்று எழுதியதில் ஒரு பொய் இருக்கிறது. இருபது பேர் இல்லை, பத்தொன்பது.

எனக்கு உயரம் ஆகும். போன வருடம் ஆகஸ்டில் பாதுகாப்புக் கமிட்டி சோதனைக்காகத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினேன். அங்கிருந்து பார்த்தால் மரம் ஒரு பக்கமும் தீ ஒரு பக்கமும் தனித்தனியாக நின்றன. தீ ஒரு மட்டை இல்லை, மூன்று. கீழே இறங்கினேன். கேடயம் வாங்கப் போக டிக்கெட் போட்டிருந்தார்கள். ஓவியாவை அந்த வருடம்தான் டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தோம், என் கான்ட்ராக்ட் அந்த மாதம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. நமக்குக் கொடுத்த அட்டவணை இதுதான், நாம் யார் அதைக் கேட்க என்று சொல்லிக்கொண்டேன். அதற்கப்புறம் நான் அந்த ஏணிப் பக்கமே போகவில்லை.

அது எண். எண்ணோடு ஒரு வருடம் இருந்துவிட்டேன், ராயப்பண்ணன் மனைவி கடைக்கு வந்து நின்றதோடு இருக்க முடியவில்லை. ‘மரம் இல்லை’ என்று ஒரு ஆள் எழுதியதை விழுங்கிவிட்டு, இன்னொரு ஆளைப் பொய் எழுத வைத்திருக்கிறேன்.

பாஸ்கரனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போகலாம் என்றும் சொன்னேன். கேட்டுவிட்டு, “அதான் ரசத்துல உப்பு கூடிச்சா?” என்றார். சிரித்தேன், அழவும் செய்தேன். நாளைக்கு டவுனில் இறக்கி விடுகிறேன் என்றார்.

அக்டோபர் 3, வெள்ளி

முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் ஆணியோடு கழற்றி மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போனேன். பதிவேட்டையும். பாஸ்கரன் வெளியே டீக்கடையில் காத்திருந்தார்.

ராகவன் சார் மேசையில் இரண்டு படங்களையும் வைத்தேன். பதிவேட்டில் ‘மரம் இல்லை’ என்ற வரியைக் காட்டினேன். அதை நான் ஏற்றவில்லை என்றேன். கதிரேசனை நான்தான் ஒன்று என்று எழுதச் சொன்னேன் என்றேன்.

“இது உங்களுக்கு எப்பத் தெரியும்?” என்று கேட்டார்.

“மரம் எரிஞ்சதும் சந்தேகம் வந்துச்சு சார்,” என்று ஆரம்பித்தேன். பிறகு அதையும் விட்டேன். “போன வருஷமே தெரியும். தொட்டி மேல ஏறினப்ப பாத்தேன்.”

அவர் இழுப்பறையைத் திறந்து ஒரு தடித்த பைலை எடுத்தார். லீக் பைல். முதல் வருடம் எவ்வளவு காணோம், இரண்டாம் வருடம் எவ்வளவு என்று அதில் வரிசையாக இருந்தது. என்னிடம் வருடவாரியாக மட்டைகளைச் சொல்லச் சொன்னார். நான் சொல்லச் சொல்ல, முதல் வருடத்து மூன்றிலிருந்து கழித்து, இரண்டாயிரத்தால் பெருக்கிக் கால்குலேட்டரில் தட்டினார். ஒன்பது வருடத்துக்கும் தட்டினார். கடைசியில் கால்குலேட்டரை என் பக்கம் திருப்பினார். நாலாயிரம். பைலில் நாலாயிரத்து நூறு.

“ரெண்டு வருஷமா ஊரையே தோண்டிட்டேன் மதிவதனி. கேஸ் எங்கயும் போகல. நம்ம ஜன்னலுக்கு நேராதான் எரிஞ்சுக்கிட்டு இருந்திருக்கு.”

சிரிக்க ஆரம்பித்தவர் சட்டென்று முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். தலைமை அலுவலகத்தில் அவர் மேலேயே சந்தேகமாம். கேஸை யாருக்கோ திருப்பிவிடுகிறார் என்று ஒரு கடிதம் போயிருக்கிறது, அடுத்த மாதம் அவருக்கு விசாரணை. வீட்டில்கூடச் சொல்லவில்லையாம். இத்தனை நாள் ராயப்பண்ணனை அதட்டிய குரலுக்குள் இந்தப் பயம் இருந்திருக்கிறது. அவர் செய்ததை அது சரி என்று ஆக்காது. ஆனால் அந்த மேசையில் அந்தப் பக்கமும் ஒரு ஆள்தான் உட்கார்ந்திருந்தார் என்று இன்றைக்குத்தான் பார்த்தேன்.

கேடயம் திரும்பப் போகும், உங்களுக்கும் ஒரு மெமோ வரும், நான் தடுக்க முடியாது என்றார். சரி சார் என்றேன். ராயப்பனைக் கூப்பிடச் சொல்கிறேன் என்று போனை எடுத்தார். நான் போய்ச் சொல்கிறேன் என்றேன்.

டீக்கடையில் இரண்டு வடை சாப்பிட்டேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

அக்டோபர் 4, சனி

ராயப்பண்ணன் வீட்டு வாசலில் பிள்ளைகளின் யூனிபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டார்.

“பத்து நாளும் எழுதினேனே, மரம் இல்லன்னு. ஒரு நாள்கூட கம்ப்யூட்டர்ல அடிக்கலயா?”

“இல்லண்ணே.”

“நான் வெளிய போறப்ப அந்த நோட்டு ஒங்க கைக்குக் கீழதான் இருந்துச்சு.”

“ஆமாண்ணே.”

“பதினாறு நாள்,” என்றார். பரவாயில்லை என்று சொல்லவில்லை, நானும் அதை எதிர்பார்த்துப் போகவில்லை. அவர் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். குடித்துவிட்டு எழுந்தேன். தெருமுனைவரை வந்தபோது பின்னாலிருந்து, திங்கட்கிழமை எந்த ஷிப்ட் என்று கேட்டார். காலை என்றேன்.

அக்டோபர் 8, புதன்

வாரிய அலுவலகம். ஒரு பெண் இன்ஜினியர், என்னைவிடச் சின்னவர். ராகவன் சாரும் நானும் திருத்திய கணக்கையும் கடிதத்தையும் கொடுத்தோம். மட்டை என்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. ஒன்பது வருடத்துக்கும் திருத்திக் கொடுக்க வேண்டும், டிசம்பருக்குள் மீட்டர் பொருத்தியிருக்க வேண்டும் என்றார்.

“நோட்டீஸ் வரும், பதில் எழுதுங்க. நீங்களா வந்து சொன்னீங்கங்கறதையும் பைல்ல எழுதிக்கிறேன்.”

வெளியே வந்ததும் சார் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார். பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளைகள் போல இருந்தோம்.

அக்டோபர் 10, வெள்ளி

மெமோ வந்தது. ஆறு மாதம் கண்காணிப்பில் வேலை. வேலை இருக்கிறது. மூன்று முறை படித்தேன், மூன்று முறையும் இருந்தது.

கேடயத்தை இறக்கியாயிற்று. சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெளுப்பாக இருக்கிறது. லீக் டீம் பள்ளங்களை மூடுகிறது. அஞ்சம்மாள் பக்கத்தில் நின்று, மண்ணை நன்றாக மிதிக்கச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 15, புதன்

அறிக்கை போய்விட்டது, காலை பதினொன்றே முக்காலுக்கு. நாளொன்றுக்கு ஆறாயிரம் கன மீட்டர். இதுவரை நான் அனுப்பியதிலேயே மோசமான எண். கையெழுத்துப் போட்டபோது பேனா தங்கு தடையில்லாமல் ஓடியது. ஒரு வருடமாகப் போட்ட கையெழுத்துகளில் ‘வ’வுக்கும் ‘த’வுக்கும் நடுவில் ஒரு தயக்கம் இருக்கிறது, யாராவது எடுத்துப் பார்த்தால் தெரியும்.

மதியம் கம்ப்யூட்டரில் கடைசிக் கட்டத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தேன். மேலே ‘குறிப்பு’ என்று தலைப்பு வைத்தேன். ஐந்து வருடத்தில் செய்யாத வேலை, அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஷிப்ட் முடிந்து கிளம்பிக்கொண்டிருந்த ராயப்பண்ணனைக் கூப்பிட்டேன். பத்து நாளாக அவர் என்னிடம் வேலை தவிர எதுவும் பேசவில்லை.

செப்டம்பர் 9, காலை 6 மணி, 3 மட்டை. பக்கத்துக் கட்டத்தில் ‘மரம் இல்லை’ என்று அடித்தேன். அவர் குனிந்து திரையைப் பார்த்தார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். டிபன் பாக்ஸைக் கீழே வைத்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அடுத்தது பத்தாந்தேதி, ரிப்போர்ட்டம்மா,” என்றார்.

பத்து நாளையும் அடித்து முடிக்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.